ஹிந்தி எண்கள்: சம்பளத்தைச் சரியாகக் கேட்போம்



கல்முனையிலிருந்தும் சுற்றூர்களிலிருந்தும் பலர் சவூதி, கட்டார் போன்ற நாடுகளுக்கு வேலைக்குச் செல்கின்றனர். அங்கே இந்தியர், பாகிஸ்தானியர், நேபாளத்தவர் கூடும் வேலைத்தலங்களில் பேச்சு பெரும்பாலும் ஹிந்தியிலேயே நடக்கும். ஆகவே, புறப்படுமுன் எண்களையாவது கற்றுக்கொள்வது நன்று.

ஒன்று முதல் பத்து வரை: ஏக், தோ, தீன், சார், பாஞ்ச், சே, ஸாத், ஆட், நௌ, தஸ்.

'சார்', 'சே' என்பவற்றில் ச-வைப் 'பச்சை' என்பதில் வருவதுபோல் அழுத்துக. 'தோ', 'தஸ்' என்பவற்றில் த-வைப் 'பந்து' என்பதில் வருவதுபோல் மெலிதாகச் சொல்லுக.

அம்பாறைச் சந்தையில் சிங்களம் கேட்டவர்களுக்கு இது எளிது. ஹிந்தியில் 'ஸ' வரும் இடத்தில் சிங்களத்தில் 'ஹ' வருவதுண்டு: ஸாத் – ஹத்த, தஸ் – தஹய.

பத்துகள்: பீஸ் (20), தீஸ் (30), சாலீஸ் (40), பச்சாஸ் (50), ஸாட் (60), ஸத்தர் (70), அஸ்ஸி (80), நப்பே (90). நூறு ஸௌ, ஆயிரம் ஹஸார். 'ஸாத்' ஏழு, 'ஸாட்' அறுபது. த், ட் வேறுபாடு தமிழ்ச் செவிக்குப் பழக்கமானதே, கவனித்தால் போதும்.

இனி முக்கியமான இடம். ஒன்றரைக்கு 'டேட்', இரண்டரைக்கு 'டாயி' எனத் தனிச் சொற்கள் உண்டு. 'டேட் ஹஸார்' என்றால் 1500. 'டாயி ஹஸார்' என்றால் 2500. 'ஹஸார்' மட்டும் காதில் விழுந்து ஆயிரம் என்று தலையாட்டினால், மாதந்தோறும் குறைந்தது 500 ரியால் கணக்குத் தவறும். மூன்றரை முதல் 'ஸாடே' சேர்ப்பர்: ஸாடே தீன் (3½), ஸாடே சார் (4½).

பேச்சு வழக்கு:
தன்கா கித்னி ஹை? – சம்பளம் எவ்வளவு?
கித்னே கண்டே? – எத்தனை மணித்தியாலம்?
கித்னே பஜே? – எத்தனை மணிக்கு?
ஃபிர் ஸே போலியே – திரும்பச் சொல்லுங்கள்.

கடைசி வாக்கியத்தைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். கேட்ட தொகையை இலக்கத்தில் எழுதிக் காட்டி உறுதிசெய்க. ஒப்பந்தத்திலுள்ள தொகையோடும் ஒப்பிட்டுப் பார்க்க.

பயிற்சி: இவை எத்தனை? (1) டேட் ஸௌ (2) ஸாடே பாஞ்ச் பஜே (3) தோ ஹஸார். வீட்டில் ஒருவர் சொல்ல, மற்றவர் எழுதிப் பழகுங்கள்.

விடை: 150, ஐந்தரை மணி, 2000.