கோதுமை ஆகாத வீட்டில் மளிகைச் செலவு

என் மகளுக்குச் சீலியாக் நோய் என்று உறுதியான அன்று மருத்துவர் சொன்னது இதுதான்: கோதுமை, பார்லி, ரை மூன்றையும் ஆயுள் முழுக்கத் தொடக்கூடாது. அவற்றில் உள்ள குளுட்டன் என்ற புரதம் சிறுகுடலைக் கெடுத்துவிடும். பயந்துபோய் முதல் மாதம் ‘குளுட்டன் ஃப்ரீ’ என்று அச்சிட்ட பாக்கெட்டுகளாகவே வாங்கிக் குவித்தோம். மளிகை பில் எகிறிவிட்டது. எங்கே கையைச் சுருக்கலாம், எங்கே சுருக்கவே கூடாது என்று பிறகு பழகிப் பழகித் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன்.

1. சந்தேகம் வந்ததும் நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தியபின் ரத்தப் பரிசோதனை செய்தால், நோய் இருந்தும் இல்லை என்று வரக்கூடும். பரிசோதனைக்குக் கட்டிய பணமும் வீண்.

2. அரிசிக்கும் பருப்புக்கும் தனி முத்திரை தேடி அதிக விலை கொடுக்க வேண்டாம். இட்லி, இடியாப்பம், ஆப்பம், அடை, வெண்பொங்கல் எதிலும் இயல்பாகவே குளுட்டன் கிடையாது. ரேஷன் புழுங்கலரிசியிலேயே இட்லி நன்றாக வரும். கோதுமை வேண்டாம், அரிசியாகவே கொடுங்கள் என்று கடையில் கேட்டுப் பாருங்கள்.

3. பெருங்காயத்தைக் கவனியுங்கள். எங்களை மூன்று வாரம் அலைக்கழித்தது அதுதான். சப்பாத்தி இல்லை, பிஸ்கட் இல்லை, ஆனாலும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. ஒருநாள் ரசம் தாளிக்கும்போது டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன், சேர்மானங்களில் மைதா! கடையில் கிடைக்கும் தூளும் கட்டியும் பெரும்பாலும் மாவு கலந்த கூட்டுப் பெருங்காயம்தான். அரிசி மாவு சேர்த்தது என்று தெளிவாகப் போட்டிருப்பதை வாங்குங்கள். கிடைக்கவில்லையா, பூண்டும் சீரகமும் தட்டிப் போட்டாலே ரசம் மணக்கும், செலவும் இல்லை.

4. மாவு மில்லுக்குக் கொடுக்காதீர்கள். நமக்கு முன்னால் யாரோ கோதுமை அரைத்திருப்பார்கள். அந்த மாவு இயந்திரத்துக்குள் ஒட்டியிருந்து நம் அரிசி மாவோடு வந்துவிடும். காலையில் முதல் ஆளாகப் போனாலும் நேற்றைய மிச்சம் உள்ளே இருக்கும். பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் நிழலில் பரப்பி, கையில் லேசாக ஈரம் ஒட்டும் பதத்தில் மிக்ஸியில் அரைத்துச் சலித்து, வெறும் வாணலியில் வறுத்து ஆறவிட்டால் இடியாப்ப மாவு தயார். ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ அரைத்தால் வாரம் முழுக்க ஓடும். பாக்கெட் மாவை விட மலிவு, நம்பிக்கையும் கூட.

5. கேழ்வரகு, கம்பு, சோளம், தினை எல்லாவற்றையும் மாவாக வாங்காமல் தானியமாக வாங்குங்கள். சில்லறைக் கடையில் ஒரே அள்ளியைக் கோதுமை மூட்டையிலும் போடுவார்கள். கேழ்வரகு பொடிமணி, சல்லடையில் சலித்தால் கேழ்வரகு கீழே இறங்கிவிடும், தப்பி வந்த கோதுமை மேலேயே நிற்கும். பிறகு மூன்று தண்ணீர் கழுவிக் காயவைத்து வீட்டிலேயே அரையுங்கள். வெள்ளை அரிசியை மட்டும் நம்பியிருந்தால் சத்து போதாது. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து நிறைய இருக்கிறது.

6. ‘சிறுதானிய நூடுல்ஸ்’, ‘சிறுதானிய பிஸ்கட்’ என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், பலவற்றில் கோதுமையோ மைதாவோ இருக்கும். மால்ட் பானம், கடைச் சத்துமாவு, சோயா சாஸ் இவற்றிலும் அப்படித்தான். சாதாரண ஓட்ஸில் கோதுமை கலந்திருக்க வாய்ப்பு அதிகம். குளுட்டன் இல்லாதது என்று போட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளுட்டன் இருக்கக்கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. ஆகவே ஓட்ஸ் போன்றவற்றுக்கு மட்டும் அந்த முத்திரைக்குக் காசு கொடுங்கள்.

7. ஒரு தோசைக்கல், ஒரு சல்லடை, ஒரு மரக்கரண்டி தனியாக வாங்கியே ஆக வேண்டும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். சாம்பார், கூட்டு, பொரியல் வீடு முழுக்க ஒன்றாகவே இருக்கட்டும். தனிச் சமையல் கேஸையும் தின்னும், குழந்தையையும் ஒதுக்கிவைத்ததுபோல் ஆகிவிடும்.

8. எள்ளும் வெல்லமும் இடித்து உருட்டி ஒரு டப்பாவில் வையுங்கள். பள்ளிப் பையில் தினமும் இரண்டு உருண்டை இருக்கட்டும். வகுப்பில் யாருக்காவது பிறந்தநாள் என்று கேக் வரும்போது என் மகள் இந்த உருண்டையைத்தான் எடுத்துத் தின்கிறாள். இப்போது பக்கத்து பெஞ்சுப் பிள்ளைக்கும் சேர்த்து நான்காக வைக்கிறேன்.