ரத்தப் பரிசோதனையும் நம் ஊர்த் தூசியும்

யானில் கடை வைத்திருக்கும் அன்பர்களுக்கு இது பழகிய காட்சிதான். காலையில் கடை திறந்து கோணிச் சாக்கைத் தட்டியதும் அடுக்குத் தும்மல், மூக்கில் நீர், கண்ணில் அரிப்பு. சிலருக்கு இரவில் இழுப்பு. ஜெராய் மலையடிவார வயல்களில் அறுப்பு முடிந்து வைக்கோல் கொளுத்தும் நாட்களில் இது அதிகமாகும். உடனே, "புகைதான் காரணம்" என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம்.

நம் கடையில் இருக்கும் தங்கை மகன் இழுப்பால் அவதிப்பட்டபோது நாமும் அப்படியே எண்ணினோம். அவனை ஊருக்கு அனுப்பிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. "முதலில் ரத்தத்தைச் சோதிப்போம்" என்றார் டாக்டர். அதனால் நாம் கற்ற பாடம் இது.

ஒவ்வாமை உள்ளவரின் ரத்தத்தில் ஐ.ஜி.ஈ. என்னும் புரதம் அதற்கென்றே உண்டாகிறது. 1966, 67ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியரும், சுவீடனில் ஜோஹான்சன், பென்னிச் இருவரும் தனித்தனியே இதைக் கண்டறிந்தனர். 1968ல் இப்பெயர் நிலைபெற்றது. தூசிக்கு ஒரு ஐ.ஜி.ஈ., பூனைக்கு வேறொன்று. கையில் சிறிது ரத்தம் எடுத்து, எதற்குரியது எவ்வளவு என்று அளக்கிறார்கள். லிட்டருக்கு 0.35 கிலோ அலகு என்பது வழக்கமான எல்லை. தோலில் குத்திப் பார்க்கும் சோதனைக்கு முன் அரிப்பு மாத்திரையைச் சில நாள் நிறுத்த வேண்டும். ரத்தச் சோதனைக்கு நிறுத்த வேண்டியதில்லை.

இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று: சோதிக்கும் பட்டியல் நம் நாட்டுக்கு ஏற்றதாக இருக்கட்டும். பர்ச் மர மகரந்தம் ஐரோப்பியரை வாட்டுவது. ஈரமும் வெப்பமும் மிகுந்த நம் நாட்டில் முதல் எதிரி, கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகளே. அவற்றுள் புளோமியா திராப்பிகாலிஸ் என்பது வெப்ப நாடுகளில் மிகுதி. கரப்பான், பூஞ்சணம், பூனை ஆகியவற்றையும் கேட்டுப் பார்க்கலாம்.

இரண்டு: வைக்கோல் புகை மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும்; இழுப்பையும் கூட்டும். ஆனால் அது ஒவ்வாமை வகையன்று. ஆகவே ரத்தத்தில் அதன் தடயம் கிடைக்காது.

மூன்று: பேரேட்டில் ஒருவர் பெயர் இருப்பதால் மட்டும் அவர் நமக்குக் கடன் பாக்கி என்று ஆகிவிடுமா? வரவு, பற்று இரண்டையும் பார்த்தல்லவா சொல்வோம்! அதுபோல, ரத்தத்தில் ஐ.ஜி.ஈ. இருந்தும் ஒரு தொந்தரவும் இல்லாதவர் உண்டு. சோதனைத் தாளையும் நோயாளி சொல்லும் குறியையும் ஒருசேர வைத்தே டாக்டர் முடிவு கூறுவார். தாளை மட்டும் நம்பி உணவையோ தொழிலையோ விட்டுவிடலாகாது.

நம் பையனுக்குத் தூசி உண்ணிதான் என்று தெரிந்தது. சரக்கறையில் கிடந்த அவன் படுக்கையை வேறிடம் மாற்றினோம். விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கிறோம். சாக்குத் தட்டும் வேலையை வேறொருவர் கடைக்கு வெளியே செய்கிறார். டாக்டர் தந்த உறிஞ்சு மருந்தையும் அவன் தவறவிடுவதில்லை. புகை நாளில் கதவைச் சாத்தி வைக்கிறோம். இழுப்பு வெகுவாகக் குறைந்தது. இன்றும் அவன் நம் கல்லாவில்தான் இருக்கிறான்.

காரணம் தெரியாமல் ஆளை அனுப்பியிருந்தால், தூசி கடையிலேயே இருந்திருக்கும்; ஒரு நல்ல பையனை நாம் இழந்திருப்போம்.