வண்டிக் கொட்டிலின் தளம் புதுக்கல்

மனை எடுப்போர் முகப்பையும் தூணையும் பலகாலும் ஆராய்ந்து அமைப்பர். வண்டி நிறுத்தும் கொட்டிலின் தளத்தையோ, வேலை முடியும் கடைநாளில், எஞ்சிய மணலையும் எஞ்சிய சிமெண்டையும் கொட்டி ஒருவாறு முடித்துவிடுவர். அதன் பயன் பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். இத்தகைய பொருள் கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதிக்கு ஏற்றதோ என ஐயுறுவார் உளராகலாம். நெடுநல்வாடை பாடிய நக்கீரனார், அரண்மனைக்கு மனை வகுத்த செய்தியைக் கூறுமிடத்து, நூல் வல்லார் கயிறிட்டு அளந்ததனைச் சொல்லாது விட்டாரல்லர். சங்கப் புலவர்க்கு இழுக்காகாத கயிறு எமக்கும் இழுக்காகாது என்று துணிந்து எழுதப் புகுந்தோம்.

எம் ஊர் தருமபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூர். தென்பெண்ணையாற்றின் வடிநிலத்தில் அமைந்தது. கருங்கல்லுக்குக் குறைவில்லாத நாடு எம் நாடு. வலிய பாறையை உடைத்துச் செய்த நல்ல ஜல்லி அண்மையிலேயே கிடைக்கும். இருந்தும் எம் இல்லத்துக் கொட்டிலின் தளம் உடைந்து கிடந்தது. நீளம் 20 அடி, அகலம் 10 அடி உடைய அவ்விடத்தில் ஒரு காரும் இரண்டு இருசக்கர வண்டிகளும் நிற்கும். பருவந்தோறும் புளிக்கூடையும் ராகி மூட்டையும் அடுக்கப்பெறும். சக்கரம் ஏறி இறங்கும் வழியிரண்டிலும் நெடுவெடிப்புகள் ஓடின. பின்மூலை ஓரங்குலம் தாழ்ந்திருந்தது. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில், ஃபெங்கல் புயலைத் தொடர்ந்து, அண்டையிலுள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதனை யாவரும் அறிவர். அம்மழைக்குப் பின் எம் கொட்டிலின் மூலை இரண்டங்குலத்திற்கு மேல் அமிழ்ந்தது. அடியில் வைத்த புளியிற் பூசணம் பூத்தது. அப்பள்ளத்திற் கால் இடறி விழுந்த எம் பாட்டியார்க்கு மணிக்கட்டு முறிந்தது. அதன் பின்னரே தளத்தைப் பற்றிய பேச்சு வீட்டில் எழுந்தது.

முதலில் வந்த கொத்தனார், மேலே ஓரங்குலம் கலவை பூசி மட்டம் செய்துவிடலாம், செலவு நாலில் ஒன்றாகும் என்றார். புளி விற்ற பணத்தைக் கையிலெடுத்த எந்தையார்க்கும் அஃது இனிதாகவே பட்டது. அவ்வழி எப்பொழுதும் தவறென்று யாம் கூறோம். தளம் முழுதும் அசையாது நின்று, மேற்பரப்பு மாத்திரம் தேய்ந்தும் பொரிந்தும் இருக்குமாயின், அதனைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, கழுவி, மேற்பூச்சு இடுதல் போதும். தளமே அமிழ்ந்திருக்குமாயின் பூச்சு ஒரு மழைக்கும் ஆற்றாது. கீழுள்ளது அசையும்போது மேலுள்ளது அதே கோட்டில் வெடிக்கும்.

இவ்விரண்டனுள் எது தம் வீட்டு நிலை என்பதனை எவரும் தாமே அறியலாம். ஒரு சிறு சுத்தியலால் தளத்தை ஓரடிக்கு ஓரிடமாகத் தட்டிக்கொண்டு செல்க. கல்லைத் தட்டினாற்போன்ற ஓசை எழுமிடம் உறுதியானது. குடத்தைத் தட்டினாற்போல் ஒலிக்குமிடத்தில் அடியில் வெற்றிடம் உண்டு, அல்லது மேற்பூச்சு பிரிந்துள்ளது. பின்னர், ஒன்றரை அடிச் சதுரமான பாலிதீன் தாளைத் தரையிற் பரப்பி, நாற்புறமும் ஒட்டுநாடாவால் இறுக ஒட்டி ஓரிரவு விடுக. காலையில் தாளின் உட்புறம் வியர்த்திருப்பின், ஈரம் மண்ணிலிருந்து மேலேறுகின்றது. எம் கொட்டிலிற் பின்பாதி முழுதும் குடம்போல் ஒலித்தது, தாளும் வியர்த்தது. எந்தையார் பூச்சினைக் கைவிட்டார்.

பெயர்க்கும் வேலையை இயந்திரம் கொண்டு ஒரு நாளில் முடித்தனர். ஈண்டு ஒன்று கூறல் வேண்டும். கான்கிரீட்டு உடைபடும்போது எழும் நுண்தூளில் நுரையீரலைப் பாழாக்கும் சிலிக்கா உண்டு. கல்லுடைக்கும் தொழிலாளரை வருத்தும் நோய்க்கு இதுவே காரணம். நீர் தெளித்துக்கொண்டே உடைத்தலும், மூக்கையும் வாயையும் நெருங்கப் பொருந்தும் முகக்கவசம் அணிதலும் கட்டாயம். துண்டு கட்டுதல் போதாது. ஈரச் சிமெண்டோ கடுங்காரம் உடையது. கலவையில் வெறுங்காலோடு நாள்முழுதும் நிற்கும் சித்தாள்களின் பாதங்கள் வெந்து புண்ணாதலைப் பலரும் கண்டிருப்பர். ரப்பர்க் காலணியும் கையுறையும் வாங்கித் தருதல் வீட்டுடையார் கடன் என்றே யாம் கருதுகின்றோம். சிமெண்டு மூட்டைக்கு முன்னே அவை வந்து சேர்தல் நன்று.

பெயர்த்த தளத்தின் அடியிற் கண்டது வியப்பன்று, வருத்தமே. நாலங்குலம் என்று சொல்லி இட்ட கான்கிரீட்டு ஓரிடத்தில் மூன்றங்குலமும் ஓரிடத்தில் இரண்டங்குலமுமாக இருந்தது. அதன் கீழ் மண் இடிக்கப்படவே இல்லை. வீடு கட்டிய காலத்துக் குப்பை, உடைந்த செங்கல், சாக்கு, பலகைத் துண்டு, மட்கிய வேர் எல்லாம் கலந்து நிரப்பியிருந்தனர். மட்கும் பொருள் மட்கியதும் இடம் வெற்றிடமாயிற்று. பின்மூலையிலோ, கூரையிலிருந்து வழியும் நீர் சுவரோரம் விழுந்து, அடியிற் புகுந்து, மண்ணை அரித்துச் சென்றிருந்தது. முழங்கை அளவு பொந்து. அதன் மேல் ஒரு காரை இத்தனை ஆண்டு நிறுத்தியிருந்தோம்! ஆகவே, கூரைநீர் விழும் இடத்திற்குக் குழாய் வைத்துத் தெருச் சாக்கடைக்குக் கொண்டுபோனதே எம் புதிய தளத்தின் முதல் வேலை. இதனைச் செய்யாது பொன்னால் தளம் இடினும் அது மீண்டும் அமிழும்.

குப்பை முழுதும் அள்ளப்பட்டது. பழைய கான்கிரீட்டுக் கட்டிகளை வீணாக்காது, கைப்பிடி அளவாக உடைத்து அடியில் நிரப்பினர். அவற்றின் மேல், கிராவல் எனப்படும் சரளைச் செம்மண்ணை ஒவ்வொரு முறையும் ஆறங்குலத்திற்கு மிகாமற் பரப்பி, நீர் தெளித்து, திமிசு போட்டு இறுக்கினர். இரண்டடி மண்ணை ஒருசேரக் கொட்டி மேலே மாத்திரம் இடித்தல் பயனற்றது. இடியின் வலி அடிவரை செல்லாது. கரிசல் மண் உள்ள மனையாயின் அதனை நிரப்புதற்குக் கொள்ளல் ஆகாது. அது நீர் உண்டு பருக்கும், உலர்ந்து சுருங்கும். மேலுள்ள தளத்தை ஆண்டுதோறும் தூக்கி இறக்கும். இறுகிய மண்மேல் மெல்லிய மணற்படை, மணற்படைமேல் 250 மைக்ரான் கனமுள்ள பாலிதீன் தாள், தாளின் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஓரடி ஏறுமாறு. மண்ணின் ஈரத்தை மறிப்பது இத்தாளே. சுவரோரம் சுற்றிலும் அரையங்குலத் தெர்மாகோல் வைத்தனர். தளம் சுவரோடு ஒட்டாது தன்போக்கில் நீளவும் சுருங்கவும் இஃது இடந்தரும்.

இனிக் கலவை. போர்ட்லாந்து சிமெண்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் உரிமை பெற்றது 1824-இல். நம் நாட்டிற் சிமெண்டு செய்ய முதன்முதல் முயன்றது 1904-இற் சென்னையிலே என்பது தமிழர் பலரும் அறியாத செய்தி. கிளிஞ்சலைச் சுட்டுச் செய்த அம்முயற்சி நிலைபெறவில்லை. அதற்கு முற்பட்ட நம் கொத்தர், சுண்ணாம்போடு கடுக்காய் நீரும் வெல்ல நீரும் கூட்டி, நாட்கணக்கில் அரைத்துத் தளம் இட்டனர். பொறுமை அவர்தம் கலவையில் ஒரு பொருளாக இருந்தது. சிமெண்டு விரைந்து இறுகுதலால் அப்பொறுமை வேண்டாததாயிற்று என்று பலர் எண்ணினர். அங்கேதான் கேடு புகுந்தது.

சிமெண்டுத் தளம் ‘காய்ந்து’ கெட்டியாகின்றது என்று வழங்குகின்றோம். அவ்வழக்கு உண்மைக்கு மாறானது. சிமெண்டு நீரோடு கூடி வேறொரு பொருளாக மாறியே இறுகுகின்றது. நீருள் மூழ்கியிருந்தாலும் இறுகும். 50 கிலோ மூட்டை ஒன்று இம்மாற்றத்திற்குக் கொள்ளும் நீர் ஏறக்குறைய 12 லிட்டர். கலவை இளகிப் பரவுதற்கு இன்னும் 12, 13 லிட்டர் வேண்டும். ஆக மூட்டைக்கு 25 லிட்டர். மணல் ஈரமாயின் அதிலும் குறைக்க வேண்டும். அதற்கு மேல் ஊற்றும் நீருக்குச் செய்யும் வேலை ஒன்றுமில்லை. அது மெல்ல ஆவியாகிப் போகும். போன வழியெல்லாம் நுண்துளை நிற்கும். நீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள இவ்வளவையே கான்கிரீட்டின் வலிமையை ஆள்கின்றது என்று அமெரிக்கராகிய டஃப் ஏப்ராம்ஸ் 1918-இற் காட்டினார். எம் வீட்டு வேலையில் நடந்தது யாதெனின், கலவை இழுக்க வரவில்லை என்று சித்தாள் ஒரு குடம் நீரை மேலும் ஊற்றக் குனிந்தார். அக்குடத்தில் 15 லிட்டர் கொள்ளும். ஊற்றியிருப்பின் 25 லிட்டர் 40 ஆகும். தளத்தின் வலிமை ஏறக்குறையப் பாதியாகும். எந்தையார் குடத்தைப் பற்றிக்கொண்டார். கலவை இயந்திரம் இன்னும் இரண்டு நிமிடம் சுழன்றதும் கலவை தானே இளகிற்று.

அளவு, சிமெண்டு ஒன்றுக்கு எம்.சாண்ட் ஒன்றரை, ஜல்லி மூன்று. கனம் ஐந்தங்குலம். இக்கொட்டிலுக்கு 83 கன அடி கான்கிரீட்டு. சிமெண்டு 19 மூட்டை. வாயிலை நோக்கி ஐந்தடிக்கு ஓரங்குலம் சரிவு விட்டு, கயிறு கட்டி, மட்டப்பலகை இழுத்து, வைபிரேட்டர் கொண்டு இறுக்கினர். இரும்புவலை இடவில்லை. அஃது வெடிப்பைத் தடுப்பதன்று, வெடித்ததனை விலகாமற் பிடிப்பது. அடித்தரை உறுதியாயின் இத்துணைச் சிறு தளம் அதுவின்றியும் அமையும்.

மெழுகும்போது நம் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. மேலே நீர் கசிந்து நிற்கக் கண்டால், வெறுஞ் சிமெண்டைத் தூவிக் கரணையால் தேய்த்துப் பளபளப்பாக்குவர். பார்க்க அழகியது. ஆனால் அது மேலே மெல்லிய ஓடு ஒன்றை உண்டாக்குகின்றது. ஓராண்டில் அவ்வோடு தூளாகவும் செதிலாகவும் பெயரும். கசிந்த நீர் தானே மறையும்வரை காத்திருந்து, அதன் பின் மெழுகுதலே முறை. கொத்தனார்க்கு இஃது உடன்பாடில்லை. தேநீர் அருந்திவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தோம்.

கான்கிரீட்டு சுருங்காமல் இராது. சுருங்கினால் எங்கேனும் வெடிக்கும். எங்கே வெடிப்பது என்பதனை நாமே முன்னர் வகுத்தல் கூடும். மறுநாட் காலையில் தளத்தின் நடுவே குறுக்காக, கனத்தில் நாலில் ஒரு பங்கு ஆழத்திற்கு, இயந்திர வாளால் ஒரு கோடு அறுத்தனர். இருபதடித் தளம் இரண்டு பத்தடிச் சதுரமாயிற்று. வெடிப்பு அக்கோட்டினடியில் ஒளிந்துகொள்ளும்.

அன்றே மண்ணாற் பாத்தி கட்டி நீர் நிறுத்தினோம். கலக்கும்போது பகையான நீர் இப்பொழுது தாயாகும். 2000-ஆம் ஆண்டின் இந்தியத் தரநிலை 456, சாதாரணச் சிமெண்டுக்கு ஏழு நாளும், சாம்பல் முதலியன கலந்த சிமெண்டுக்குப் பத்து நாளும் குறைந்த அளவாக நனைத்து வைக்கச் சொல்கின்றது. வெப்பமும் வறட்சியும் உள்ள இடங்களில் அவற்றைப் பத்தாகவும் பதினான்காகவும் நீட்டச் சொல்கின்றது. கடைகளிற் பெரும்பாலும் கிடைப்பது கலப்புச் சிமெண்டே. எம் ஊர் வெயிலையோ கூற வேண்டா. ஆதலால் 14 நாள். மூன்றாம் நாளே தளம் கல்போல் நிற்கக் கண்டு, இனி நீர் வீண் என்று அண்டை வீட்டார் சிலர் கூறினர். நாள்தோறும் காலையும் மாலையும் பாத்தியில் நீர் குறையாது பார்த்தவர் எம் பாட்டியார். கட்டிட்ட கையை மார்போடு அணைத்து, மற்றைக் கையாற் குழாயைப் பிடித்து நின்றார்.

பதினைந்தாம் நாள் பாத்தியை உடைத்துக் கழுவினோம். அன்று கார் ஏறிற்று. கான்கிரீட்டின் முழு வலிமையைக் கணிக்கும் நாள் இருபத்தெட்டாவது ஆகையால், ராகி மூட்டை ஏற்றிவரும் டிராக்டரை மட்டும் அந்நாள்வரை வாயிலிலேயே நிறுத்தினோம். பாலிதீன் தாளை மறுபடியும் ஓரிரவு ஒட்டிப் பார்க்கத் தளம் நன்கு உலர்தல் வேண்டும் என்று இரண்டு திங்கள் பொறுத்தோம். ஒட்டியெடுத்த காலையில் தாளின் உட்புறம் உலர்ந்திருந்தது. அவ்வாண்டுப் புளி அங்கேயே அடுக்கப்பெற்றது.