டிக்கெட்டில் 00:40 என்றால் எந்த ராத்திரி கிளம்பணும்?

வீட்டில் ஒருவருக்கு சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது. செல்போனுக்கு இ-டிக்கெட்டும் வந்துவிட்டது. சென்னையில் புறப்பாடு: 15-ஆம் தேதி, 00:40. சிங்கப்பூரில் இறங்குவது: அதே நாள், 07:10. இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம் வாங்க.

முதலில் தேதி

00:40 என்பது நள்ளிரவு 12.40. தேதி மாறி 40 நிமிடம்தான் ஆகியிருக்கும். அதனால் 14-ஆம் தேதி ராத்திரியே நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். "15-ஆம் தேதி ராத்திரிதானே" என்று இருந்துவிட்டால் டிக்கெட் காசு போச்சு. வேலையில் சேரும் நாளும் தள்ளிப்போகும்.

பறப்பது எவ்வளவு நேரம்?

00:40-க்கும் 07:10-க்கும் இடையே ஆறரை மணி நேரம் தெரிகிறது. ஆனால் டிக்கெட்டில் உள்ள ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதைக் கழித்தால் உண்மையில் பறப்பது 4 மணி நேரம்தான். (1982-க்கு முன்பு போய்வந்த பெரியவர்கள் 2 மணி நேர வித்தியாசம் என்பார்கள். அப்போது அதுவும் சரிதான். அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் சிங்கப்பூர் தன் நேரத்தை அரை மணி முன்னே நகர்த்திக்கொண்டது.)

துபாய்க்கு இதே கணக்கு தலைகீழ். சென்னையிலிருந்து நேர்க்கோட்டில் பார்த்தால் சிங்கப்பூர், துபாய் இரண்டுமே சுமார் 2,900 கி.மீ. பறக்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். காற்றின் போக்கைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். ஆனால் துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். காலை 4.00-க்குக் கிளம்பி அங்கே 6.40-க்கு இறங்கினால், 2.40 மணி நேரத்தோடு ஒன்றரையைக் கூட்டுங்கள்: 4 மணி 10 நிமிடம்.

அமிர்தியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

• வெளிநாட்டு விமானத்துக்கு 3 மணி நேரம் முன்பே போய்விட வேண்டும்: ராத்திரி 9.40. செக்-இன் கவுண்டரைப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள்.
• வேலூரிலிருந்து மீனம்பாக்கம் சாலை வழியாகச் சுமார் 3 மணி நேரம்.
• அமிர்தியிலிருந்து வேலூர் ஒரு மணி நேரம்.
• வழியில் நெரிசலுக்கு என்று ஒரு மணி நேரம்.

ஆக, 14-ஆம் தேதி மாலை 4.40-க்குள் வீட்டை விட்டுக் கிளம்பணும். சிங்கப்பூரில் இறங்கும்போது நம்ம ஊரில் விடிகாலை 4.40. மொத்தம் 12 மணி நேரம். அதில் 8 மணி நேரம் தரையில்தான் போகிறது. தாமதம் ஆவதும் பெரும்பாலும் இங்கேதான்.

இன்றே செய்யுங்கள்

செல்போன் கடிகாரத்தில் 'உலக நேரம்' பகுதியில் போகும் ஊரைச் சேர்த்துவிடுங்கள். காலண்டரில் விமானம் ஏறும் நேரத்தோடு, வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தையும் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். வழியனுப்ப வருபவர்களுக்கும் அதே தேதியைச் சொல்லிவிடுங்கள்.