பழைய தோட்ட டிராக்டரைப் புதுப்பிக்கும் முறை

தோட்ட டிராக்டர் என்பது வயலை உழும் பெரிய டிராக்டரின் சிறிய வடிவம். ஒருவர் அதன்மேல் உட்கார்ந்து புல் வெட்டவும், காய்கறிப் பாத்தி உழவும், சிறு வண்டியை இழுக்கவும், குளிர்காலத்தில் பாதையில் விழுந்த பனியைத் தள்ளவும் அது உதவும். இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஓரிரண்டு ஏக்கர் நிலத்துடன் வீடு கட்டிக்கொண்டவர் பலர். அவர்களுக்குப் பெரிய டிராக்டர் மிகை. கையால் தள்ளும் யந்திரம் போதாது. அத்தேவையை நிறைவேற்றப் பல கம்பெனியார் முன்வந்தனர். அவர்களுள் இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியார் 1960-ஆம் வருஷத்தில் கென்டக்கி மாகாணத்து லூயிவில் நகரத் தொழிற்சாலையில் 'கப் காடெட்' என்னும் தோட்ட டிராக்டரைச் செய்யத் தொடங்கினர். காற்றினால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர் கோலர் எஞ்சின், 7 குதிரைச் சக்தி, முன்னோக்கி மூன்று கியர், பின்னோக்கி ஒன்று. மஞ்சளும் வெள்ளையுமான வர்ணம். இம்முதல் மாதிரி 1963 வரை செய்யப்பட்டது. கம்பெனியார் இப்பிரிவை 1981-இல் வேறொருவருக்கு விற்றுவிட்டனர்.

அறுபது வருஷம் கடந்தும் இவ்வகை யந்திரங்கள் அங்கே பல கொட்டகைகளில் கிடக்கின்றன. கனத்த இரும்பினாலும் வார்ப்பினாலும் ஆனவை ஆகையாலும், ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே கழற்றிப் பூட்டக்கூடியவை ஆகையாலும், அவற்றை மீண்டும் உழைக்கச் செய்வது சாத்தியமே. அதற்குரிய முறையை இங்கே படிப்படியாய் விளக்குவோம்.

இருவர் செய்த வேலை

சகோதரர் இருவருக்குப் பாட்டனார் வைத்துப்போன டிராக்டர் ஆளுக்கொன்று கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். மூத்தவர் முதல் நாளே வர்ணம் வாங்கினார், மேலாகத் தேய்த்தார், ஒரு வாரத்தில் யந்திரம் பளபளவென்று நின்றது. இளையவர் மூன்று மாதம் எடுத்துக்கொண்டார். அதில் வர்ணம் பூசியது சில நாளே. முதல் மழைக் காலத்தில் மூத்தவருடைய வர்ணம் செதில் செதிலாய் உரிந்தது. பாட்டரியில் மின்சாரம் ஏறவில்லை. மேட்டு நிலத்தில் இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. இம்மூன்று குறைகளும் எங்கே பிறந்தன என்று ஆராய்வதே இப்பாடம். வர்ணம் கீழே இருப்பதைச் சரிசெய்வதில்லை, மறைக்கிறது. ஆகையால் மறைக்குமுன் எல்லாவற்றையும் செம்மை செய்துவிட வேண்டும்.

1. முதலில் தீர்மானிக்க வேண்டியது

வர்ணம் பூசத்தான் வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுக. தொழிற்சாலையில் பூசிய வர்ணமும் ஒட்டிய சின்னங்களும் பெரும்பாலும் நிலைத்திருந்தால், கழுவி மெழுகு தேய்த்து அப்படியே வைத்திருப்பது உத்தமம். மூலப் பூச்சு ஒருமுறை போனால் திரும்ப வராது. துரு இரும்பைத் தின்னத் தொடங்கியிருந்தால் மாத்திரம் முழுப் புதுப்பிப்பில் இறங்க வேண்டும்.

2. கழற்றுதலும் குறிப்பெடுத்தலும்

கழற்றும்போது எல்லாம் ஞாபகம் இருக்கும் என்று தோன்றும். இரண்டு மாதத்திற்குப் பின் ஒன்றும் இராது. ஆகையால் ஒவ்வோர் உறுப்பையும் எடுக்குமுன் படம் பிடிக்க வேண்டும். வாஷர்கள் எந்த வரிசையில் இருந்தன, ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருந்தது, கம்பி எந்த வழியாய்ச் சென்றது என்பவற்றை நோட்டுப் புத்தகத்தில் எழுதுக. போல்ட்டுகளை இடவாரியாய்ச் சிறு பைகளில் இட்டுச் சீட்டுக் கட்டுக.

துருவினால் இறுகிய போல்ட்டை வலிந்து திருகினால் தலை முறியும். துருவிளக்கும் எண்ணெயை விட்டு ஓரிரவு ஊறவைத்து, மறுநாள் நட்டைச் சூடாக்கி, முன்னும் பின்னுமாய்ச் சிறிது சிறிதாய் அசைக்க வேண்டும். பெட்ரோல் டாங்க்கைக் கழற்றி அப்புறப்படுத்தாமல் நெருப்பைக் கிட்டே கொண்டுவரலாகாது.

இவ்வகை யந்திரங்களின் மரைகள் அங்குல அளவுள்ளவை. 5/16 அங்குலப் போல்ட்டும் 8 மில்லிமீட்டர் போல்ட்டும் கண்ணுக்கு ஒன்றே போல் தோன்றும். ஆனால் மரையின் இடைவெளி வேறு. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைத் திணித்தால் இரண்டு சுற்றுச் சென்று இறுகி வார்ப்பின் மரையைக் கெடுத்துவிடும். 5/16 அங்குலத்திலேயே அங்குலத்துக்கு 18 மரையும் 24 மரையும் என இருவகை உண்டு. பழைய போல்ட்டையே மாதிரியாய் வைத்துப் புதியதை வாங்குக. தலையில் மூன்று கோடு இருந்தால் நடுத்தர வலிமை, ஆறு கோடு இருந்தால் மிகு வலிமை என்று அறிக. கோடுள்ளதன் இடத்தில் கோடில்லாததை இடலாகாது.

3. சுத்தம் செய்தலும் பழைய வர்ணத்தின் விஷமும்

தேய்ப்பதற்கு முன் கிரீஸை நீக்க வேண்டும். இந்த வரிசை மாறலாகாது. கிரீஸ் இருக்கும்போதே உப்புத்தாளால் தேய்த்தால் அது இரும்பின் கீறல்களுக்குள் அழுந்திவிடும். அதன்மேல் எந்த வர்ணமும் பற்றாது. மூத்தவருடைய வர்ணம் உரிந்ததன் முதற் காரணம் இதுவே.

இங்கே ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் 1978-இல் வீட்டு வர்ணங்களில் ஈயத்துக்கு 0.06 சதவீதம் என்னும் வரம்பு விதிக்கப்பட்டது. அதற்கு முற்பட்ட யந்திரங்களின் வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். விவசாய யந்திரங்களுக்கான மறுபூச்சு வர்ணங்களோ அந்த விதியிலிருந்து விலக்குப் பெற்றிருந்தமையால், பின்னர்ப் பூசிய வர்ணத்தையும் நம்பலாகாது. ஈயத் தூள் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆகையால் உலர்ந்த நிலையில் தேய்க்காமல் நீர்விட்டு ஈரமாய்த் தேய்க்க வேண்டும். தூளைத் தடுக்கும் முகமூடி அணிய வேண்டும். வேலை உடுப்போடு வீட்டுக்குள் நுழையாமல் அதைத் தனியே துவைக்க வேண்டும். குழந்தைகளை வேலையிடத்துக்கு வரவிடலாகாது. பழைய பிரேக், கிளட்ச் பட்டைகளில் கல்நார் இருக்கலாம். அவற்றின் தூளைக் காற்றடித்து ஊதலாகாது, ஈரத் துணியால் துடைக்க வேண்டும்.

மணல் வீசித் துருவைப் போக்குவது தகட்டுக்கும் சக்கரத்துக்கும் ஏற்றது. பூட்டிய எஞ்சின்மேல் அதைச் செய்யலாகாது. ஒரு சிட்டிகை மணல் உள்ளே புகுந்தாலும் பேரிங்கும் சிலிண்டரும் தேய்ந்துபோகும்.

சிறு உறுப்புகளுக்கு மின்சார முறை எளிது. பிளாஸ்டிக் தொட்டியில் நீர் விட்டு, நாலு லிட்டருக்கு ஒரு மேசைக் கரண்டி வீதம் சலவைச் சோடாவைக் கரைத்து, துருப்பிடித்த உறுப்பை பாட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், வேண்டாத இரும்புத் துண்டொன்றை நேர்முனையிலும் இணைத்து, ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிட வேண்டும். ஓரிரவில் துரு இளகி, பிரஷ்ஷால் தேய்க்க உதிர்ந்துவிடும். இதில் எழும் ஹைட்ரஜன் வாயு தீப்பற்றும். ஆகையால் திறந்த வெளியிலேயே செய்க. நேர்முனையில் எவர்சில்வரை இடவே கூடாது. அதிலுள்ள குரோமியம் கரைந்து கொடிய விஷமாகும்.

4. பழுது பார்த்தலும் வெள்ளோட்டமும்

வர்ணம் பூசுமுன் யந்திரத்தை ஒருமுறை முழுவதும் பூட்டிப் பார்க்க வேண்டும். வளைந்த தகட்டை நிமிர்த்துவது, பற்றவைப்பது, தேய்ந்த துளையை அடைப்பது ஆகிய யாவும் இப்போதே முடிய வேண்டும். பின்னால் பற்றவைத்தால் புது வர்ணம் கருகும். எண்ணெய் கசியும் இடத்தில் சீலை மாற்றுக. பிரேக் பட்டையின் கனத்தைப் பார்க்க. எண்ணெய் ஊறிய பட்டையைத் துடைத்துப் பயனில்லை, மாற்றவே வேண்டும். மூத்தவர் இதைப் பார்க்கவில்லை. யந்திரம் அழகாய் இருந்தமையால் பிரேக்கும் நன்றாய் இருக்கும் என்று நம்பிவிட்டார். பளபளப்பைக் கண்டு யந்திரத்தை நம்புவது அபாயம்.

காற்றினால் குளிரும் எஞ்சினில் சிலிண்டரைச் சுற்றியுள்ள தகட்டு உறையைக் கழற்றி உள்ளே நோக்குக. பல வருஷம் கிடந்த யந்திரத்தில் எலி அங்கே கூடு கட்டியிருக்கும். அதை அகற்றாமல் ஓட்டினால் காற்றுச் செல்லாது எஞ்சின் வெந்துவிடும்.

5. வர்ணம் பூசுதல்

சுத்தம் செய்த இரும்பை அன்றைக்கே பிரைமர் என்னும் அடிப்பூச்சால் மூடுக. ஒரிரவின் ஈரக்காற்றே புதுத் துருவை உண்டாக்கும். சாதாரண பிரைமர் நுண்துளை உள்ளது. அதை மாத்திரம் பூசி வெளியில் போட்டுவைத்தால் ஈரத்தை உறிஞ்சி அடியில் துருப்பிடிக்கும். எபாக்ஸி பிரைமர் ஈரத்தை நன்றாய்த் தடுக்கும்.

இரும்பின்மேல் பனி படியும் உஷ்ண நிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி சென்டிகிரேட் மேலாக இரும்பு இருக்கும்போதே பூச வேண்டும். அதிகாலையும் மழைநாளும் ஏற்றவை அல்ல. ஒரே கனத்த பூச்சு வழியும். மெல்லிய பூச்சு மூன்று நிலைக்கும். எனாமல் வர்ணத்தில் மறுபூச்சுக்குரிய காலத்தை டப்பாவில் அச்சிட்டிருப்பர். அக்காலத்துக்குள் பூச வேண்டும். தவறினால் முழுவதும் உலரும் வரை காத்திருக்க வேண்டும். நடுவில் பூசினால் கீழ்ப்பூச்சு சுருங்கிக் கிளம்பிவிடும்.

கடினமாக்கும் திரவம் கலந்த வர்ணங்கள் சிலவற்றில் ஐஸோஸயனேட் என்னும் பொருள் உண்டு. அதன் புகை தீராத இழைப்பு நோயை உண்டாக்கும். வெளிக் காற்றைக் குழாய் மூலம் தரும் முகக்கவசம் இல்லாதவர் அத்திரவத்தைக் கலந்து தெளித்தலை விட்டுவிடுக. அதில்லாத எனாமலே போதும்.

6. வர்ணம் படக் கூடாத இடங்கள்

மரை, பேரிங் உட்காரும் இடம், தண்டு நகரும் துளை, பிரேக் உராயும் முகம் ஆகியவற்றைக் காகிதப் பட்டையால் மூடிவிட வேண்டும். போல்ட்டின் கீழ்க் கனத்த வர்ணம் இருந்தால் அது நாளடைவில் நசுங்கி, போல்ட் தானே தளரும். சிலிண்டரின் செதில்களில் கனத்த பூச்சு வெப்பத்தை அடைத்துவைக்கும்.

இம்முதல் மாதிரி யந்திரத்தில் ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒரே கருவி. அதை ஆளும் ரெகுலேட்டர் தன் இரும்பு அடித்தளத்தின் வழியாகவே யந்திரத்தின் உடலோடு மின்தொடர்பு கொள்கிறது. அந்த இடத்திலும் பாட்டரியின் தரைக்கம்பி சேரும் இடத்திலும் வர்ணத்தைச் சுரண்டி வெறும் இரும்பைக் காட்ட வேண்டும். மூத்தவருடைய பாட்டரியில் மின்சாரம் ஏறாத காரணம் வேறொன்றுமில்லை. அவர் அவ்விடத்திலும் அழகாய் வர்ணம் பூசியிருந்தார்.

7. மீண்டும் பூட்டுதல்

தொட்டால் ஒட்டாத வர்ணம் உலர்ந்த வர்ணம் ஆகாது. எனாமல் முழுதும் கடினமாகப் பல வாரம் செல்லும். அதற்குமுன் இறுக்கினால் வாஷர் வர்ணத்தைத் திருகி எடுத்துவிடும். கழற்றிய வரிசையைத் தலைகீழாய்க் கொண்டு, நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பூட்டுக. எல்லாப் போல்ட்டுகளையும் கையால் பிடிக்கவைத்த பின்னரே ஸ்பானரால் இறுக்க வேண்டும். சிலிண்டர் தலையின் போல்ட்டுகளை எதிரெதிராய், மூன்று தவணையில், கம்பெனிக் கையேட்டிலுள்ள அளவுக்கே இறுக்குக.

8. முதல் ஓட்டம்

எண்ணெய் விட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சில சுற்றுச் சுற்றுக. மின்பொறிக்குரிய பாயின்ட் இடைவெளி இவ்வெஞ்சினில் 0.020 அங்குலம். திறந்த வெளியிலேயே ஓட்டுக. மூடிய கொட்டகையில் எஞ்சின் புகை உயிரைக் கொல்லும். பிரேக்கைச் சமநிலத்தில் முதலில், பிறகு சிறு சரிவில், கடைசியாகவே மேட்டில் சோதிக்க வேண்டும். சில மணி நேரம் ஓடிய பின் எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும்.

முடிவுரை

இந்த அமெரிக்க யந்திரம் நம் ஊர்களில் அரிது. ஆனால் கிணற்றடியில் துருப்பிடித்துக் கிடக்கும் ஆயில் எஞ்சினும், கொட்டகையில் முடங்கிய பவர் டில்லரும் அரியவை அல்ல. அளவுகள் வேறுபடலாம், வரிசை ஒன்றே. குறித்துக்கொண்டு கழற்று, கிரீஸ் நீக்கித் தேய், பழுது பார்த்துப் பூட்டிச் சோதி, பிறகு வர்ணம் பூசு, பொறுத்திருந்து பூட்டு. இவ்வரிசையைக் கைக்கொள்பவருக்கு யந்திரம் மீண்டும் பல்லாண்டு உழைக்கும். இளையவருடைய நோட்டுப் புத்தகமும் வீணாகாது. அடுத்த தலைமுறையில் அந்த யந்திரத்தைக் கழற்றுகிறவருக்கு அதுவே வழிகாட்டி.