ஊசி போட யார் முதலில் பேசுவது?

அன்புள்ள டாக்டர் தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கைக்குழந்தையைத் தடுப்பூசிக்கு நாள் தவறாமல் தூக்கிவருகிற தாய், அதே பிள்ளை எட்டாவது படிக்கும்போது ஏன் அழைத்து வருவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ‘நானாகப் பேச்செடுத்தால் ஊசி விற்கிறேன் என்று நினைப்பார்களோ’ என்ற தயக்கத்தையும் எழுதியிருக்கிறீர்கள். அவர்களாக வந்து கேட்க மாட்டார்கள். குடும்ப டாக்டராகிய நீங்கள்தான் பேச வேண்டும்.

ஐந்து வயது பூஸ்டர் முடிந்ததும் தடுப்பூசி அட்டை பீரோவுக்குள் போய்விடுகிறது. தேசிய அட்டவணையில் 10 வயதுக்கும் 16 வயதுக்கும் டிடி ஊசி இருப்பது பல பெற்றோருக்குத் தெரியாது. பள்ளியில் போட்ட நாளில் பிள்ளை லீவு என்றால் அதோடு விட்டுப்போகும். ஆனால் இந்த வயதுப் பிள்ளைகள் உங்கள் கிளினிக்குக்கு வராமலா இருக்கிறார்கள்? காய்ச்சலுக்கு வருகிறார்கள். விளையாட்டுப் போட்டிக்கு சர்டிபிகேட் வாங்க வருகிறார்கள். மாதவிடாய் வயிற்றுவலி என்று அம்மாவோடு வருகிறார்கள். அந்த வருகைகளைத்தான் நாம் நழுவவிடுகிறோம். லேசான சளி, இருமல் தடுப்பூசிக்குத் தடையே இல்லை. சைக்கிளில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வரும் பையனுக்கு, டெட்டனஸுக்கு மட்டுமான பழைய ஊசியைப் போடாதீர்கள். தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துக் காக்கும் டிடியைப் போடுங்கள். குழந்தைப் பருவத்தில் பெற்ற எதிர்ப்புச் சக்தி வளர வளரக் குறைந்துகொண்டே வரும்.

எப்படிச் சொல்வது என்பதும் முக்கியம். அமெரிக்காவின் வட கரோலினாவில் குழந்தை மருத்துவர்கள், குடும்ப மருத்துவர்கள் நடத்தும் 30 கிளினிக்குகளில் செய்த ஓர் ஆய்வு 2017-ல் வெளியானது. ஒரு பிரிவு டாக்டர்களுக்கு, ‘இன்றைக்கு இவளுக்கு இந்த ஊசிகள் போட வேண்டும்’ என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு, பெற்றோருக்குச் சந்தேகம் இருந்தால் நின்று பதில் சொல்லப் பயிற்சி கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு, முதலிலேயே விரிவாகக் கலந்து பேசப் பயிற்சி. பயிற்சியே பெறாத கிளினிக்குகளை விட முதல் பிரிவில், கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போட்டுக்கொள்ளும் அளவு 5 சதவீதப் புள்ளிக்குச் சற்று மேல் உயர்ந்தது. இரண்டாம் பிரிவில் அப்படி உயரவில்லை. ‘போடலாமா, வேண்டாமா?’ என்று நீங்களே இழுத்தால், டாக்டருக்கே இது அவ்வளவு முக்கியமில்லை போல என்றுதான் அம்மா எடுத்துக்கொள்வார்.

அதற்காக யாரையும் அவசரப்படுத்தச் சொல்லவில்லை. 2010-ல் நம் நாட்டில் நடந்ததை நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஆந்திராவிலும் குஜராத்திலும் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட்ட ஒரு திட்டம், சில சிறுமிகளின் மரணத்தை ஒட்டி எழுந்த எதிர்ப்பால் அந்த ஆண்டு நிறுத்தப்பட்டது. அந்த மரணங்களுக்குத் தடுப்பூசிதான் காரணம் என்று விசாரணையில் தெரியவரவில்லை. ஆனால் ஒப்புதல் வாங்கிய விதத்தில் பெரிய குறைகள் வெளிப்பட்டன. பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்தக் காயம் ஆறப் பல ஆண்டுகள் ஆயின. உங்கள் முன்னால் உட்காரும் அம்மா சந்தேகப்பட்டால் அது அறியாமை அல்ல, அவருடைய உரிமை.

அதே நிறுத்தத்தால் வேறொரு ஆய்வும் பாதியில் நின்றது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை நடத்திய அந்த எச்.பி.வி. தடுப்பூசி ஆய்வில், நம் திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையும் ஒரு மையம். இரண்டு டோஸா மூன்று டோஸா என்று பார்க்கத் தொடங்கியது, பல பெண் பிள்ளைகளுக்கு ஒரே டோஸோடு முடிந்துபோனது. அவர்களைப் பத்தாண்டு வரை தொடர்ந்து பார்த்தபோது, புற்றுநோய்க்கு முக்கியக் காரணமான 16, 18 ரக எச்.பி.வி. வைரஸ்களின் நீடித்த தொற்றை அந்த ஒரு டோஸே ஏறக்குறைய 95 சதவீதம் தடுத்தது தெரிந்தது. சிறு வயதினருக்கு ஒரு டோஸும் போதும் என்று 2022-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னதற்கு, நம் ஊர்ப் பிள்ளைகள் தந்த சான்றும் ஒரு காரணம். இதை நான் பெருமையோடு சொல்கிறேன். நீங்களும் அம்மாக்களிடம் சொல்லுங்கள்.

‘இந்தச் சின்ன வயசுலயேவா டாக்டர்?’ என்று கேட்பார்கள். வைரஸ் உடம்புக்குள் வருவதற்கு முன் போட்டால்தான் முழுப் பலன் என்று சொல்லுங்கள். ‘நாளைக்குக் குழந்தை பிறக்கிறதுல சிக்கல் வருமா?’ என்றும் கேட்பார்கள். வராது என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூடக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரவில்லை என்று 2024-ல் வெளியான ஆய்வு காட்டுகிறது. இந்தியாவில் 2022-ல் மட்டும் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்கு அந்த நோய் வந்தது, 80 ஆயிரம் பேர் வரை இறந்தார்கள் என்பது மதிப்பீடு. நாமே நம் கையால் பெருமளவு தடுக்கக்கூடிய நோயால் வரும் மரணங்கள் இவை. எனக்கு இதை எழுதும்போதும் மனசு ஆறவில்லை.

விற்கிறோமோ என்ற உங்கள் கூச்சத்துக்கு வருகிறேன். விலையை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். சீரம் நிறுவனத்தின் எச்.பி.வி. தடுப்பூசியான செர்வாவாக் ஒரு டோஸ் 2,000 ரூபாய் அளவில் சந்தைக்கு வந்தது. ஒரு டோஸும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னாலும், அதன் உரிமத்தின்படி 15 வயதுக்குள் இரண்டு டோஸ், அதற்கு மேல் மூன்று. தள்ளிப்போட்டால் செலவு கூடும் என்பதை மறைக்காமல் சொல்வது வியாபாரம் ஆகாது. இலவசமாகக் கிடைக்கும் வழியையும் அதே மூச்சில் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிடிக்குக் காசில்லை. 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் படிப்படியாக எச்.பி.வி. தடுப்பூசி தருவதாகத் தமிழக அரசும் 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. உங்கள் வட்டார மருத்துவ அலுவலரிடம் விவரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எங்கே போட்டால் என்ன, பிள்ளைக்குப் போட்டாக வேண்டும்.

கிளினிக்கில் ஒரு நோட்டு போடுங்கள். பிள்ளையின் பெயர், வயது, போன் நம்பர், அடுத்த டோஸ் தேதி. அதை உங்கள் நர்ஸ் பொறுப்பில் விட்டு, தேதி நெருங்கும்போது போன் செய்யச் சொல்லுங்கள். 15 வயதுக்குள் எச்.பி.வி. இரண்டாவது டோஸ் ஆறு மாதம் கழித்து என்பதால் மறப்பது சகஜம். தடுப்பூசியைப் பிரிட்ஜின் கதவில் வைக்காதீர்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். ஊசி போட்டபின் 15 நிமிடம் உட்கார வைத்து அனுப்புங்கள், இந்த வயதில் சிலர் மயங்கி விழுவதுண்டு.

பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் எந்த அப்பாவும் சம்மதிக்க மாட்டார். மே, ஜூனில் தொடங்குங்கள். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம் தம்பி. நாளைக்குக் காய்ச்சலோடு வரும் பிள்ளையின் அம்மாவிடம், அந்தத் தடுப்பூசி அட்டையை பீரோவிலிருந்து எடுத்து வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போல் ஒரு குடும்ப டாக்டர்