கதவுக்கு அடியில் வரும் மழைத்தண்ணி: அடைக்கும் முன் வாட்டம் பாருங்கள்



2023 டிசம்பர் 3ஆம் தேதி இரவு தொடங்கி மறுநாள் முழுக்க மிக்ஜாம் புயல் மழை சென்னையை வெளுத்து வாங்கியது. கோட்டூர்புரத்தில் எங்கள் மொட்டைமாடியை ஒட்டி ஒரு சின்ன அறை இருக்கிறது. மதுராந்தகம் பக்கம் உள்ள நிலத்துக்கான விதைகளை அதில்தான் வைப்பேன். மாடிக் கதவுக்கு அடியில் புகுந்த தண்ணி அறை முழுக்கப் பரவிவிட்டது. கரண்டும் இல்லை. தரையில் வைத்த சாக்குப் பையை மூன்றாம் நாள் பிரித்தால், அடியில் இருந்த அறுபதாம் குறுவை விதைநெல் முளை விட்டிருந்தது.

அது கடன் விதை. 2 கிலோ வாங்கினால் அடுத்த ஆண்டு 4 கிலோ திருப்பித் தரவேண்டும் என்று நெல் ஜெயராமன் ஐயா பரப்பிய முறையில், ஒரு சக உழவரிடம் வாங்கி விளைவித்தது. நவரைக்கு விதைக்கவும் அவருக்குத் திருப்பித் தரவும் எடுத்து வைத்ததெல்லாம் வீணாகிவிட்டது.

கோட்டூர்புரம் என்றதும் 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறி வீடுகளுக்குள் வந்ததுதான் எல்லோருக்கும் நினைவு வரும். அந்தத் தண்ணிக்கு ஒரு கதவால் பதில் சொல்ல முடியாது. நான் சொல்வது நம் மாடியிலேயே விழுந்து, நம் தவறால் உள்ளே வரும் தண்ணியைப் பற்றி. மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களும், தோட்டத்து வீட்டில் கதவை ஒட்டித் திண்ணையோ பலகை மேடையோ போட்டிருப்பவர்களும் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான் செய்த தவறு

புயல் முடிந்ததும் கதவு நிலையைச் சுற்றி சிலிக்கான் பூசினேன். கதவின் அடியில் ரப்பர் பட்டை ஒட்டினேன். 2024 அக்டோபர் மழையில் மறுபடியும் தண்ணி வந்தது. பிறகு வந்து பார்த்த கொத்தனார் கேட்டார்: "சார், வயல்ல தண்ணி நின்னு வரப்பு மேல வழிஞ்சா, வரப்பைப் பூசிக்கிட்டே இருப்பீங்களா, மடையைப் போய்ப் பாப்பீங்களா?"

மடை எங்கே அடைத்திருந்தது தெரியுமா? கதவை ஒட்டி நான் போட்டிருந்த மரப்பலகை மேடைக்கு அடியில். தொட்டிகள் வைக்கவும் உட்காரவும் போட்ட மேடை அது. வடிகுழாய் வாய் அதற்குக் கீழே மாட்டிக்கொண்டது. தென்னை நார்க்கழிவும் சருகும் சேர்ந்து குழாயை மூடிவிட்டன. மேடையின் மேல்மட்டம் கிட்டத்தட்ட நிலைப்படி உயரம் இருந்ததால், பலகையில் விழுந்த மழை தெறித்து நேராகக் கதவின் அடியில் அடித்தது.

எவ்வளவு தண்ணி?

ஒரு ஏக்கரில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 40,000 லிட்டர் என்பது நமக்குத் தெரிந்த கணக்கு. 600 சதுர அடி மாடியில் அதே 1 செ.மீ. என்றால் சுமார் 550 லிட்டர். ஒரே நாளில் 10 செ.மீ. பெய்தால் 5,500 லிட்டர். இவ்வளவும் ஒன்றிரண்டு குழாய் வழியாகத்தான் இறங்க வேண்டும். வாய் அடைத்தால் தண்ணி தாழ்வான இடம் தேடும். என் வீட்டில் அது கதவு.

எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க

மழை இல்லாத நாளில் செய்யுங்கள். அறைக்குள் கதவு ஓரமாகப் பழைய செய்தித்தாளை விரித்து, ஒருவரை உட்கார வையுங்கள். இன்னொருவர் வெளியே ஹோஸ் பிடித்து, கீழிருந்து மேலாகப் போக வேண்டும். முதலில் தரையில் மட்டும் 10 நிமிடம். பிறகு நிலைப்படி. பிறகு நிலையின் இரு பக்கம். கடைசியில் மேல்பக்கமும் சன்ஷேடும். எந்தக் கட்டத்தில் தாள் நனைகிறதோ, வழி அங்கேதான். மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணி எல்லா இடத்திலும் வழிந்து, எதுவும் புரியாது.

சரிசெய்யும் வரிசை

1. மேடையைக் கதவிலிருந்தும் சுவரிலிருந்தும் ஓர் அடியாவது தள்ளுங்கள். அடியில் துடைப்பம் நுழையும்படி செங்கல் மேல் தூக்கி வையுங்கள். பலகைகளுக்கு நடுவே கால் அங்குலம் இடைவெளி விடுங்கள். ஒரே மேடையாக அடிக்காமல், ஒருவரே தூக்கக்கூடிய துண்டுகளாகச் செய்தால் வாரம் ஒருமுறை கூட்டலாம். கூட்டிய சருகு உரக்குழிக்குப் போகும்.

2. தரையின் வாட்டம் கதவிலிருந்து வடிகுழாய் பக்கம் போக வேண்டும். 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் இறக்கம் போதும். டியூப் லெவல் வைத்துப் பாருங்கள். என் வீட்டில் கதவு முன்னால் தட்டோடு பள்ளமாகி இருந்தது. அந்த இடத்தை மட்டும் பெயர்த்து, வாட்டம் கொடுத்துப் பதித்தோம்.

3. நிலைப்படி வெளித்தரையை விடக் குறைந்தது 4 அங்குலம் உயரம் இருக்கட்டும். 6 இருந்தால் இன்னும் நல்லது. படிக்கல் வெளிப்பக்கம் சாய்ந்து, சுவரைத் தாண்டி ஓர் அங்குலம் நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். நீட்டிய பகுதியின் அடியில் ஒரு காடி வெட்டினால், தண்ணி கல்லின் அடிப்பக்கம் ஊர்ந்து சுவருக்கு வராமல் அங்கேயே சொட்டிவிடும். சன்ஷேடுக்கும் இதே காடி வேண்டும்.

4. மரக்கதவின் அடி விளிம்பைப் பாருங்கள். பல வீடுகளில் அங்கே பெயின்ட் இருக்காது. அது தண்ணியைக் குடித்து உப்பி, பிறகு காய்ந்து இடைவெளி விடும். கதவைக் கழற்றி, காயவைத்து, ஆளிவிதை எண்ணெயோ பெயின்டோ அடியுங்கள். வெளிப்பக்க அடியில் சாய்வான கட்டை ஒன்று அடித்தால், கதவில் வழியும் தண்ணி படிக்கல்லைத் தாண்டி விழும். கிழக்கு, வடக்கு பார்த்த கதவுகளுக்கு இது அவசியம். வடகிழக்குப் பருவமழை காற்றோடு அந்தப் பக்கம்தான் அடிக்கிறது.

5. சிலிக்கான் கடைசி வேலை. நன்றாகக் காய்ந்த, தூசி இல்லாத இடத்தில்தான் ஒட்டும். நிலையின் மேல்பக்கமும் இரு பக்கமும் பூசுங்கள். வெளிப்பக்கம் அடியை முழுக்க அடைக்காதீர்கள். உள்ளே போன கொஞ்சநஞ்சத் தண்ணி வெளியேற வழி வேண்டும். இல்லாவிட்டால் மரம் அழுகும், கரையான் வரும்.

மாடியிலிருந்து இறங்கும் தண்ணியைத் தெருவுக்கு விடாமல், மணல் வடிகட்டி வழியாகக் கிணற்றுக்கோ உறிஞ்சுகுழிக்கோ விடுங்கள். தமிழ்நாட்டில் 2003லிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பல வீடுகளில் குழாய் இருக்கிறது, குழி தூர்ந்து கிடக்கிறது.

விதைக்கு ஒரு வார்த்தை

கதவு எவ்வளவு சரியாக இருந்தாலும் விதையைத் தரையில் வைக்காதீர்கள். நெல்லை 13 சதவீத ஈரத்துக்குள் காயவைத்து, மூடியுள்ள டப்பாவில், ஒன்றரை அடி உயரப் பலகை மேல் வையுங்கள். எல்லா விதையையும் ஒரே வீட்டில் வைக்க வேண்டாம். ஒரு பங்கு இன்னொரு உழவர் வீட்டில் இருக்கட்டும். நான் தப்பித்தது அப்படித்தான். கடன் கொடுத்தவரே மீண்டும் 2 கிலோ கொடுத்தார். அதை விளைவித்து, அடுத்த ஆண்டு பழையதும் புதியதுமாக 8 கிலோ கொண்டுபோய்க் கொடுத்தேன். "கதவைச் சரி பண்ணிட்டியாப்பா?" என்றுதான் முதலில் கேட்டார்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கி ஹோஸ் சோதனையைச் செய்துவிடுங்கள். ஐப்பசி அடைமழையில் கொத்தனார் கிடைக்கமாட்டார், சிமென்டும் காயாது.